‘பரவிவிட்டது’: ஒரு துணைவினையும் கல்லீரல் அறுவையின் வரலாறும்

குடலில் தோன்றிய புற்றுநோய் கல்லீரலிலும் காணப்படும்போது தமிழில் அதை அறிவிக்க வழங்கும் தொடர், ‘ஈரலுக்குப் பரவிவிட்டது’ என்பது. கன்னடத்தில் ‘ஹரடிபிட்டிதெ’ என்பார்கள். தமிழ் ‘விடு’, கன்னடப் ‘பிடு’ ஆகிய இரண்டும் ஒரே திராவிட வேரிலிருந்து வந்தவை. இரு மொழிகளிலும் இவை துணைவினையாக நின்று, செயல் முற்றுப்பெற்றது, இனித் திருப்ப இயலாது என்னும் பொருளை முதல்வினைமேல் ஏற்றுகின்றன. ‘பரவியிருக்கிறது’ என்பது ஒரு நிலையைச் சொல்கிறது. ‘பரவிவிட்டது’ என்பது தீர்ப்பைச் சொல்கிறது.

தமிழும் கன்னடமும் ஒரே வீட்டுத் திண்ணையில் புழங்கும் மாதேஸ்வரன் மலைப் பகுதியின் மொழித்தொடர்பைப் படித்துவரும் மாணவன் என்ற முறையில், இந்தத் துணைவினை என் கவனத்தில் நெடுநாள் இருந்தது. அதன் மருத்துவ வரலாற்றைத் தேடியபோது ஒன்று தெளிவாயிற்று. 1930களில் இச்சொல் முழுக்கச் சரியானது. இன்று நோயாளிகளுள் ஒரு பகுதியினர்க்கு அது பிழையானது. இடைப்பட்ட காலத்தில் நிகழ்ந்தது என்ன, அதில் இன்னும் நிறுவப்படாதது எது, மலையில் வாழும் ஒருவருக்கு அதனால் என்ன என்பதே இப்பதிவு. சற்று நீளமானது, பொறுமையுடன் படிக்க வேண்டுகிறேன்.

1. ஏன் கல்லீரல்?

தமிழ் உடலுறுப்புகளுக்குப் பெயரிட்ட முறை அழகானது. ஈரல் என்னும் பொதுச்சொல்லின் முன் கல், மண், நுரை என்று தன்மை குறிக்கும் சொற்களைச் சேர்த்துக் கல்லீரல், மண்ணீரல், நுரையீரல் என்றனர். ஆனால் ‘கல்’ என்று பெயர்பெற்ற உறுப்பு, அறுவை மருத்துவரின் கைக்குக் கல்லாக இருந்ததில்லை. தொட்டால் கிழிவது; கிழிந்தால் குருதி நிற்காதது. பெரியவர்களில் ஒன்றரைக் கிலோ அளவு எடையுள்ள இவ்வுறுப்பினூடே ஒவ்வொரு நிமிடமும் ஒரு லிட்டருக்கும் மேற்பட்ட குருதி பாய்கிறது.

அக்குருதியின் பெரும்பகுதி வருவது குடலிலிருந்துதான். பிற உறுப்புகள் பெரும்பாலானவற்றின் குருதி நேரே இதயத்திற்குத் திரும்புகிறது. குடலின் குருதியோ வாயிற்சிரை என்னும் பெருங்குழாய் வழியாக முதலில் கல்லீரலுக்குள் நுழைந்து, நுண்குழாய்களில் வடிகட்டப்பட்ட பின்னரே இதயத்தை அடைகிறது. குடல் கட்டியிலிருந்து உதிரும் உயிரணுக்கள் முதலில் தங்கும் வடிகட்டி கல்லீரலாவது இதனால்தான். குடல் புற்றுநோயைக் கண்டறியும்போதே ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குக் கல்லீரலிலும் கட்டிகள் இருக்கின்றன. வேறு சிலருக்குப் பின்னாளில் அவை தோன்றுகின்றன.

இந்நிகழ்வுக்கு ஐரோப்பிய மருத்துவம் ஏற்ற சொல் கிரேக்கத்திலிருந்து வந்த ‘மெட்டாஸ்டாசிஸ்’. அதன் நேர்ப்பொருள் இடம்பெயர்தல். பிரெஞ்சு மருத்துவர் ஜோசப் ரெக்காமியே 1829இல் புற்றுநோயின் இரண்டாம்நிலைக் கட்டிகளைக் குறிக்க இச்சொல்லைக் கையாண்டார். 1889இல் லண்டன் மருத்துவர் ஸ்டீபன் பேஜெட், புற்றணுக்களை விதையாகவும் அவை முளைக்கும் உறுப்பை நிலமாகவும் கொண்டு ஒரு கருத்தை முன்வைத்தார். தமிழின் ‘பரவு’ என்னும் வினையோ தீக்கும் வெள்ளத்துக்கும் வதந்திக்கும் உரியது. பரவுவது இடைவெளியின்றி எங்கும் பரவுவது. இடம்பெயர்ந்த விதை அப்படியன்று. இரண்டே இடத்தில் முளைத்து நிற்கவும் கூடும். அவ்விரண்டையும் அகழ்ந்தெடுத்தால் என்ன என்னும் வினா விதை உவமையில் இயல்பாக எழும். தீ உவமையில் எழாது.

2. குருதி

வினா எழுந்தாலும் கை துணியவில்லை. 1888இல் பெர்லினில் கார்ல் லாங்கன்பூக் ஒரு பெண்ணின் கல்லீரலிலிருந்து கட்டியொன்றைத் திட்டமிட்டு அகற்றினார். ஆறாண்டுகளுக்கு முன் உலகின் முதல் பித்தப்பை அகற்றலைச் செய்தவர் அவரே. நோயாளிக்கு அறுவைக்குப் பின் உள்ளே குருதி கசிய, மீண்டும் வயிற்றைத் திறக்க நேர்ந்தது. எனினும் அவர் பிழைத்தார்.

1908இல் கிளாஸ்கோ நகரின் ஜேம்ஸ் ஹோகார்த் பிரிங்கிள், விபத்தில் கல்லீரல் கிழிந்தவர்களைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். கல்லீரலுக்குள் குருதி நுழையும் காம்பை விரல்களால் சிறிது நேரம் நெரித்துப் பிடித்தால் கசிவு அடங்கும் என்பது அவர் கண்டது. அவர் விவரித்த நோயாளிகள் பிழைக்கவில்லை. முயல்களில் அம்முறை பலித்தது. பிழைக்காதவர்களைப் பற்றிய அக்கட்டுரை தந்த கைமுறை, நூறாண்டு கடந்த பின்னும் அவர் பெயராலேயே உலகெங்கும் கையாளப்படுகிறது.

இன்னொரு துணை, கல்லீரலிடமே இருந்தது. 1931இல் ஹிக்கின்ஸ், ஆண்டர்சன் என்னும் இருவர், எலியின் கல்லீரலில் மூன்றில் இரு பங்கை அகற்றினாலும் எஞ்சியது சில நாள்களில் பழைய எடைக்கு வளர்வதைச் செம்மையாக அளந்து காட்டினர். மனிதரிலும் இது பொருந்தும். நலமான கல்லீரலில் நான்கில் ஒரு பங்கோ சற்று மிகுதியோ எஞ்சினால் உயிர்வாழப் போதும். ஆக, எவ்வளவு அறுக்கலாம் என்பதற்கு விடை கிடைத்தது. எங்கே அறுப்பது என்பது எஞ்சியது.

3. கண்ணுக்குத் தெரியாத கோடு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் உடற்கூற்றியல் கல்லீரலை வெளியிலிருந்து பார்த்தது. கிரேயின் புகழ்பெற்ற நூல் அதற்கு ஐந்து கூறுகளைச் சொன்னது. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்த சாமுவேல் ஃபிஸ்க் கிறீனின் முயற்சியால், கிரே முதலியோரின் நூல்களை அடியொற்றி 1872இல் ‘மனுஷ அங்காதிபாதம்’ வெளிவந்தது. நவீன உடற்கூற்றியல் தமிழுக்கு இவ்வளவு விரைவில் வந்தது நம் மொழி வரலாற்றின் பெருமைகளுள் ஒன்று. ஆனால் மூலநூல்களே கல்லீரலின் உள்ளமைப்பை அறியாத காலம் அது. முன்புறத்தில் கண்ணுக்குத் தெரியும் ஒரு மடிப்பையே வல இடப் பாகங்களின் எல்லையாக அவை கொண்டன.

அது உண்மை எல்லையன்று என்று காட்டியவர் ஹாங்காங்கில் பணியாற்றிய ஸ்காட்லாந்து மருத்துவர் ஜேம்ஸ் கேண்ட்லி. சீனத் தலைவர் சன் யாட்-சென்னின் ஆசிரியர். குருதிக் குழாய்களின் கிளைகளைப் பின்தொடர்ந்த அவர், பித்தப்பையிலிருந்து பின்புறப் பெருஞ்சிரை வரை செல்லும் கோடே கல்லீரலை இரண்டாகப் பகுக்கிறது என்று 1897இல் எழுதினார். அக்கோடு மேற்பரப்பில் எவ்வித அடையாளமுமின்றிக் கிடக்கிறது.

அடுத்த பாய்ச்சல் ஹனோயில் நிகழ்ந்தது. பிரெஞ்சுக் காலனிய மருத்துவப் பள்ளியின் மாணவர் டோன் தட் துங், உருளைப்புழுக்கள் பித்தக்குழாய்களை அடைத்திருந்த ஒரு கல்லீரலைக் கண்டு, அவ்வடைப்பின் உதவியால் குழாய்களின் கிளைகளைப் பின்தொடர முடியும் என உணர்ந்தார். வறுமையின் நோயே அவருக்குக் கருவியாயிற்று. ஏறத்தாழ இருநூறு கல்லீரல்களைப் பகுத்து ஆராய்ந்து, 1939இல் தம் ஆய்வேட்டை அளித்தார். பின்னாளில், காம்பை நெரித்துக் கொண்டு கல்லீரலின் மென்தசையை விரல்களுக்கிடையே நசுக்கி, தட்டுப்படும் குழாய்களை மட்டும் கட்டிச் சில நிமிடங்களில் அறுவையை முடிக்கும் முறையை வளர்த்தார். அவரது கட்டுரை 1963இல் ‘லான்செட்’ இதழில் வந்தது. தைவானின் லின் தியென்-யூவும் அக்காலத்திலேயே இத்தகைய விரல்முறையைக் கையாண்டார்.

பாரிஸில் க்ளோத் குயினோ, கல்லீரலின் குழாய்களுக்குள் பிசினைச் செலுத்தி, தசையைக் கரைத்து, எஞ்சிய குழாய் மரத்தை ஆராய்ந்தார். 1957இல் வெளிவந்த அவரது நூல் கல்லீரலை எட்டுத் துண்டங்களாகப் பகுத்தது. ஒவ்வொன்றும் தனக்கெனக் குருதி வரத்தும் பித்த வடிகாலும் உடையது. எனவே ஒன்றை எடுத்தாலும் மற்றவை பிழைக்கும். இன்று மருத்துவ அறிக்கையில் ‘ஆறாம் துண்டத்தில் கட்டி’ என்று படிக்கும்போது நாம் படிப்பது குயினோவின் எண்ணைத்தான்.

4. துணிவும் கணக்கும்

வரைபடம் முழுமை பெறுமுன்னரே சிலர் துணிந்தனர். 1940இல் அமெரிக்காவின் லேஹி மருத்துவமனையில் ரிச்சர்ட் கேட்டல், மலக்குடல் புற்றுநோயிலிருந்து கல்லீரலில் முளைத்த கட்டியை அகற்றியதை அறிவித்தார். ஆயினும் இத்தகைய அறுவை நெடுங்காலம் அரிதாகவே இருந்தது. 1970களில் ஜேம்ஸ் ஃபாஸ்டர் பல அமெரிக்க மருத்துவமனைகளின் பதிவுகளைத் தேடித் தொகுத்தபோது, பெரிய கல்லீரல் அறுவைக்கு உட்பட்டவர்களுள் ஐந்தில் ஒருவர் அறுவையையொட்டியே இறந்தது தெரிந்தது. அதே தொகுப்பு, குடல் புற்றிலிருந்து வந்த கட்டிகளை அகற்றிக்கொண்டவர்களுள் சிலர் ஐந்தாண்டு கடந்து வாழ்ந்ததையும் காட்டியது.

1976இல் மேயோ மருத்துவமனையின் வில்சனும் ஆட்சனும் ஓர் ஒப்பீட்டை வெளியிட்டனர். கட்டி அகற்றப்பட்டோருள் கணிசமானவர் ஐந்தாண்டு கடந்தனர்; அகற்றக்கூடிய கட்டி இருந்தும் விடப்பட்டோருள் எவரும் கடக்கவில்லை. 1988இல் 24 மருத்துவமனைகளின் 859 நோயாளிகளைத் தொகுத்த பதிவேடு, ஐந்தாண்டு உயிர்வாழ்வு 33 சதவீதம் என்றது. 1999இல் நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மையத்தில் யூமன் ஃபாங் குழுவினர் 1001 நோயாளிகளை ஆராய்ந்து 37 சதவீதம் என்றனர். யாருக்குப் பலன் மிகும் என்று கணிக்க ஐந்து கேள்விகளையும் வகுத்தனர்: நிணநீர்க் கணுக்களில் நோய் இருந்ததா, கல்லீரல் கட்டி ஓராண்டுக்குள் தோன்றியதா, ஒன்றுக்கு மேற்பட்டதா, ஐந்து சென்டிமீட்டரைக் கடந்ததா, குருதியில் சி.இ.ஏ. என்னும் குறியளவு 200ஐக் கடந்ததா என்பன அவை.

இதற்கிடையே எல்லையும் விரிந்தது. அகற்ற இயலாதெனக் கருதப்பட்டவர்களுக்குக் கீமோதெரபி அளித்துக் கட்டியைச் சுருக்கிப் பின்னர் அறுக்கலாம் என்பதைப் பாரிஸ் அருகே வில்ஜுயிஃப் நகரின் பிஸ்மூத்தும் ஆடமும் 1996இல் காட்டினர். இவ்வாறு சிகிச்சை பெற்ற 330 பேருள் 53 பேர் அறுவைக்குத் தகுதி பெற்றனர். அவர்களுள் 40 சதவீதத்தினர் ஐந்தாண்டு வாழ்ந்தனர். ஜப்பானில் மாக்குச்சி, வாயிற்சிரையின் ஒரு கிளையை முன்கூட்டியே அடைத்து மறுபக்கக் கல்லீரலை வளரச் செய்தபின் அறுக்கும் வழியை வளர்த்தார். அறுவையின்போதே அல்ட்ராசவுண்ட் கொண்டு உள்ளே பார்க்கும் வழக்கத்தையும் நிலைநிறுத்தினார். தேர்ந்த மையங்களில் அறுவையால் நேரும் இறப்பு இன்று ஐந்து சதவீதத்துக்கும் கீழ்.

2007இல் ஸ்லோன் கெட்டரிங் குழுவினர் பத்தாண்டு தொடர்ந்து கண்காணிக்கப்பட்ட 612 பேரின் கணக்கை வெளியிட்டனர். பத்தாண்டு கடந்து வாழ்ந்தவர் 102 பேர். ஆறில் ஒருவர். மற்ற ஐவருக்கு இது குறைவான எண். அந்த ஒருவருக்கோ ‘விடு’ என்னும் துணைவினை முற்றிலும் பொய்த்துப் போயிற்று.

5. நிறுவப்படாதது

இதை வெற்றிக்கதையாக மட்டும் எழுதினால் வரலாற்றுக்கு நேர்மை செய்ததாகாது. மேலே கண்ட எண்கள் எவையும், நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு குழுவாகப் பிரித்து, ஒன்றுக்கு அறுவை செய்து மற்றொன்றுக்குச் செய்யாது ஒப்பிட்ட ஆய்விலிருந்து வந்தவையல்ல. அறுவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் முன்பே உடல்வலுவும் மெதுவாக வளரும் நோயும் உடையவர்கள். அவர்கள் நெடுநாள் வாழ்ந்தது கத்தியாலா, தேர்வாலா? 1989இலேயே அமெரிக்க அறுவை மருத்துவர் வில்லியம் சைலன், இவ்வறுவையின் மதிப்பு ஐயத்துக்குரியது என்று தலைப்பிலேயே அறிவித்து எழுதினார். ஐயம் தீர்க்கப்படுவதற்குள் அறுவை வழக்கமாகிவிட்டது. வழக்கமான பின் குலுக்கல் ஆய்வு நடத்துவது அறமன்று என்றாயிற்று.

இக்கவலை வெற்று வாதமன்று என்பதற்கு நுரையீரல் சான்று. குடல் புற்று நுரையீரலுக்குப் பெயர்ந்தோருக்கு அறுவை செய்யாவிடில் ஐந்தாண்டு வாழ்வோர் மிகச் சிலரே என்று நம்பப்பட்டது. பிரிட்டனில் டாம் டிரெஷர் முதலியோர் குலுக்கல் முறையில் நடத்திய சிறு ஆய்வில், அறுவை செய்யப்படாத குழுவிலும் ஏறத்தாழ 30 சதவீதத்தினர் ஐந்தாண்டு வாழ்ந்தனர். அந்த ஆய்வு நூறு பேரைக்கூட எட்டவில்லை. ஆனால் பழைய நம்பிக்கையின் அடித்தளத்தை அசைத்தது.

விந்தை என்னவெனில், கல்லீரலை முழுவதுமாக மாற்றுவதற்கு இன்று அத்தகைய சான்று இருக்கிறது. பிரான்ஸை மையமாகக் கொண்ட ‘டிரான்ஸ்மெட்’ ஆய்வு 2024இல் வெளிவந்தது. அறுத்தகற்ற இயலாத கட்டிகள் கொண்டு, கடுமையான தேர்வில் எடுக்கப்பட்ட 94 பேருள், கீமோதெரபியுடன் மாற்றுக் கல்லீரலும் பெறும் குழுவில் ஐந்தாண்டு உயிர்வாழ்வு 56.6 சதவீதம், கீமோதெரபி மட்டும் பெறும் குழுவில் 12.6 சதவீதம். கொடையுறுப்புகள் அரிதான நம் நாட்டில் இது பலருக்கும் எட்டுவதன்று. ஆனால், பெயர்ந்த நோய் முடிந்த நோய் என்னும் சமன்பாட்டை இது முறையான சான்றுடன் உடைத்தது.

ஆக, ‘பரவிவிட்டது’ என்னும் முடிவும் பிழை; ‘வெட்டினால் சரியாகிவிடும்’ என்னும் முடிவும் பிழை. இரண்டிலும் அதே ‘விடு’ உட்கார்ந்திருப்பதைக் கவனியுங்கள். கல்லீரலில் கட்டி உடையோருள் அறுவைக்குத் தகுதி பெறுவோர் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரே. அறுவை செய்துகொண்டோருள்ளும் பாதிக்கு மேற்பட்டோருக்கு நோய் மீள்கிறது. வரலாறு நமக்குத் தந்தது உறுதிமொழியன்று. கேட்கத்தக்க ஒரு கேள்வி.

6. மலையும் கோடும்

அக்கேள்வியைக் கேட்கும் வாய்ப்பு யாருக்கு இருக்கிறது?

மாதேஸ்வரன் மலை அடங்கிய கொள்ளேகால் தாலுகா, 1956 நவம்பர் 1 வரை சென்னை மாநிலத்துக் கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. மொழிவாரி மறுசீரமைப்பில் மைசூர் மாநிலத்துக்குச் சென்றது. 1997இல் மைசூரு மாவட்டம் பிரிந்தபோது சாமராஜநகரின் பகுதியாயிற்று. குயினோவின் நூல் வெளிவருவதற்கு முந்தைய ஆண்டில் இக்கோடு வரையப்பட்டது என்பது தற்செயல். ஆனால் ஒரு வேறுபாடு கருதத்தக்கது. குயினோவின் கோடுகள் குருதியோட்டத்தைப் பின்பற்றின. மாநிலக் கோட்டால் இந்த மலையில் மக்களின் போக்குவரத்தைப் பின்பற்ற இயலவில்லை. பாலாறு, கோபிநத்தம் முதலிய ஊர்களில் தமிழ் பேசுவோர் கர்நாடகத்தில் வாழ்கின்றனர். மேட்டூர் ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர்; மைசூரு ஏறத்தாழ நூற்றைம்பது.

இருபுறமும் மருத்துவ மரபு வளமானது. சென்னையில் 1954இல் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் அடையாறு புற்றுநோய் நிலையம் எழுந்தது. சென்னை மருத்துவக் கல்லூரியில் என். ரங்கபாஷ்யம், இரைப்பை-குடல் அறுவையை இந்தியாவில் ஒரு தனித்துறையாக வளர்த்த முன்னோடியானார். பெங்களூரில் 1973இல் கித்வாய் நினைவுப் புற்றுநோய் நிறுவனம் தோன்றியது. 1980களின் தொடக்கத்தில் மக்கள்தொகைசார் புற்றுநோய்ப் பதிவேடுகள் தொடங்கிய நகரங்களுள் சென்னையும் பெங்களூரும் உண்டு. கல்லீரல் அறுவைக்குத் தேர்ந்த குழுக்கள் இன்று இவ்விரு நகரங்களிலும் உள்ளன. மலையிலிருந்து அங்கே செல்லும் வழியில் நிற்பவை தொலைவும், கூலி இழப்பும், எந்த மாநிலத்தின் அட்டை கையில் உள்ளது என்னும் கேள்வியுமே.

ஒரு கோடு உயிரை எவ்வளவு பாதிக்கும் என்பதற்குக் கர்நாடகத்திலேயே சான்று உண்டு. புற்றுநோய் உள்ளிட்ட பெருநோய்களுக்கு வறியோர்க்கு இலவச உயர்சிகிச்சை தந்த வாஜ்பாயி ஆரோக்கியஸ்ரீ திட்டம் 2010இல் வட மாவட்டங்களில் தொடங்கியது. மைசூரு உள்ளிட்ட தென் மாவட்டங்களுக்குப் பின்னரே வந்தது. இவ்விடைவெளியைப் பயன்படுத்தி, திட்டம் எட்டிய எல்லையின் இருபுறக் கிராமங்களை நீரஜ் சூட் குழுவினர் ஒப்பிட்டு 2014இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியிட்டனர். திட்டத்தில் அடங்கிய நோய்களால் வறிய குடும்பங்களில் நேர்ந்த இறப்பு, திட்டம் இருந்த பக்கத்தில் 0.32 சதவீதம், இல்லாத பக்கத்தில் 0.90 சதவீதம். கிராமங்களில் முகாம் நடத்தி நோயாளிகளை நகர மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றதும் அத்திட்டத்தின் ஒரு கூறு.

கல்லீரல் அறுவைக்கு இது இன்னும் பொருந்தும். கட்டி அகற்றத்தக்கதா என்பதைத் தனியொரு மருத்துவர் தீர்மானிப்பதில்லை. சி.டி., எம்.ஆர்.ஐ. படங்களைக் கல்லீரல் அறுவை மருத்துவர், கீமோதெரபி மருத்துவர், கதிர்ப்பட வல்லுநர் ஆகியோர் ஒன்றாக அமர்ந்து பார்த்தே முடிவு செய்ய வேண்டும். நோயாளி நேரில் செல்லாவிடினும் படங்கள் செல்லலாம். ஆனால் முதலில் யாரேனும் அனுப்ப வேண்டும். ‘பரவிவிட்டது’ என்று கேட்ட குடும்பம் படங்களை உறைக்குள் இட்டுப் பரண்மேல் வைத்துவிடுகிறது. வாக்கியம் முற்றுப்பெற்ற இடத்தில் சிகிச்சையும் முற்றுப்பெறுகிறது.

மொழியியல் மாணவர்களுக்கு இங்கே செய்யத்தக்க பணி ஒன்று உண்டு. மருத்துவர்-நோயாளி உரையாடலில் துணைவினைகள் எவ்வாறு தீர்ப்புகளாகின்றன என்பதைத் தமிழிலும் கன்னடத்திலும் ஒப்பிட்டு ஆராயலாம். மருத்துவ மாணவர்களோ, ‘பரவிவிட்டது’ என்பதற்கு மாறாக ‘கல்லீரலில் இத்தனை இடங்களில் இருக்கிறது, எடுக்க முடியுமா என்று கல்லீரல் அறுவைக் குழுவிடம் கேட்போம்’ என்று சொல்லிப் பார்க்கலாம். இத்தொடர் எவருக்கும் நலம் உறுதியளிக்கவில்லை. பலருக்கு விடை ‘முடியாது’ என்றே வரும். ஆனால் அந்த விடை, படத்தைப் பார்த்தவர்களிடமிருந்து வர வேண்டும். நம் இலக்கணத்திலிருந்து வரக் கூடாது.